எடை கூடியவர்களுக்கு லேடெக்ஸ் மெத்தை: ஒரே பாளமா, அடுக்குகளா?

நடுராத்திரி:
வணக்கம். என் எடை 118 கிலோ, மனைவி 64. ஆறு வருடத்தில் இரண்டு மெத்தை போய்விட்டது. இரண்டிலும் என் இடுப்பு படுகிற இடத்தில்தான் குழி. தூக்கத்தில் மனைவி என் பக்கம் சரிந்து வந்துவிடுகிறார். நான் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன். இந்த முறை லேடெக்ஸ், அதாவது ரப்பர் நுரை மெத்தை, என்று முடிவு செய்துவிட்டோம். 10 அங்குல ஒரே பாளமாக வாங்குவதா, அடுக்குகளாக வருவதை வாங்குவதா? நான் ஒருக்களித்துப் படுப்பவன்.

பாய்மரம்:
ஒரே பாளம், இயற்கை ரப்பர், டன்லப் முறை. யோசிக்கவே வேண்டாம். ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் நிறைய ஊற்றி வேகவைப்பது டன்லப். டாலலே முறையில் அச்சைப் பாதிதான் நிரப்புவார்கள்; காற்றை உறிஞ்சி நுரையை விரியவைத்து, உறையவைத்து, அப்புறம் வேகவைப்பார்கள். தொட்டால் பஞ்சு மாதிரி சுகமாக இருக்கும். ஆனால் அதே தடிமனில் ரப்பர் குறைவு, காற்று அதிகம். நம் உடம்பைத் தாங்கப்போவது ரப்பர். அடர்த்தி கன மீட்டருக்கு 80 கிலோவாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நான் 105 கிலோ, இது ஒன்பதாவது வருடம். அவ்வப்போது தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுவதோடு சரி.

கொடிமுல்லை:
அண்ணா, அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. சுண்ணாம்புத்தூள் மாதிரி நிரப்பிகளைச் சேர்த்தாலும் அடர்த்தி கூடும், உழைப்பு கூடாது. கெட்டித்தன்மைக்குப் பார்க்க வேண்டியது ஐ.எல்.டி. எண். நுரையை அதன் தடிமனில் 25 சதவீதம் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதுதான் அது. 36க்கு மேல் போனால் நல்ல கெட்டி. முழு மெத்தையும் அப்படி இருந்தால் ஒருக்களித்துப் படுப்பவரின் தோள் உள்ளே இறங்காது. நான் 97 கிலோ. கெட்டியான ஒரே பாளம் வாங்கி, ஒரு மாதத்துக்குள் கை மரத்துப்போய் விடியற்காலை எழுந்து உட்கார ஆரம்பித்தேன். இப்போது கீழே இரண்டு அடுக்கு கெட்டி, மேலே 3 அங்குலம் மட்டும் ஐ.எல்.டி. 28. தோளும் இறங்குகிறது, இடுப்பும் தொங்கவில்லை. ஒன்று தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

பாய்மரம்:
அந்த மேலடுக்குதானே முதலில் தேயும்? மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தே வாங்குவதை நீடித்து உழைக்கும் மெத்தை என்று எப்படிச் சொல்வது? உறை கொஞ்சம் தளர்வாக இருந்தால் அடுக்குகள் நழுவவும் செய்யும். நம் எடையில் புரண்டு படுக்கும்போது அது தெரியும்.

அளவுகோல்:
இருவருமே ரப்பரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். குழி எங்கே விழுந்தது என்று முதலில் பாருங்கள். எனக்கு ஒன்றை லேடெக்ஸ் என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்று வருடம் கழித்து ஜிப்பைத் திறந்தால் மேலே 2 அங்குலம்தான் லேடெக்ஸ், கீழே 6 அங்குலம் சாதாரண ஃபோம். மேலடுக்கை முஷ்டியால் அமுக்கினேன், உடனே எழும்பியது. ஃபோமில் கை வைத்த இடம் பள்ளமாகவே நின்றது. லேடெக்ஸ் மேல் பழி, போனது ஃபோம்.

நடுராத்திரி, கட்டிலையும் பாருங்கள். குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். இருவர் படுக்கும் கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் கட்டாயம் வேண்டும்.

நடுராத்திரி:
இப்போதுதான் அளந்தேன். துடைப்பக்கட்டையை மெத்தைக்குக் குறுக்கே வைத்து, குழிக்குள் ஸ்கேலை இறக்கினால் கட்டிலில் 5 செ.மீ. மெத்தையைத் தரையில் போட்டு அளந்தால் 3. சட்ட இடைவெளி 11 செ.மீ., என் பக்கம் இரண்டு சட்டம் வளைந்தே போயிருக்கிறது. நடுக்கால் இல்லை. இத்தனை நாள் மெத்தையை மட்டும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொடிமுல்லை:
அந்த 3 செ.மீ.க்கு வாரண்டி கிடைப்பது கடினம். ஒன்றரை அங்குலம் பள்ளம் விழுந்தால்தான் ஏற்போம் என்று பலர் எழுதி வைத்திருப்பார்கள். அதையும் யாரும் படுக்காதபோதுதான் அளப்பார்கள். கட்டில் சரியில்லை என்றால் அதுவும் போச்சு. "20 வருட வாரண்டி" என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

பாய்மரம்:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். தோள் விஷயமும் யோசிக்க வைத்தது. நான் மல்லாந்து படுப்பவன், எனக்கு அது தெரியவில்லை. ஆனாலும் பாளத்தை விடமாட்டேன். 8 அங்குலப் பாளம், அதன்மேல் தனியாக 2 அங்குல மென்மையான லேடெக்ஸ் விரிப்பு.

கொடிமுல்லை:
அதுவும் அடுக்குதானே அண்ணா?

பாய்மரம்:
இல்லை. விரிப்பு வெளியே இருக்கிறது. தேய்ந்தால் எடுத்துவிடலாம், அடிப்பாளத்தைத் தொடவே வேண்டாம். உங்கள் முறையில் பாரம் மூன்று துண்டுகளுக்கும் சேர்ந்து போகிறது.

கொடிமுல்லை:
அடிப்பாளம் நடுவில் தளர்ந்தால் 8 அங்குலத்தையும் தூக்கிப் போட வேண்டும். நான் நடு அடுக்கைக் கீழே போட்டு, கீழே இருப்பதை நடுவில் வைப்பேன். தனியாளாகத் தூக்கவும் முடிகிறது. முழு லேடெக்ஸ் பாளம் என்ன கனம் என்று உங்களுக்குத் தெரியும்.

அளவுகோல்:
எதை வாங்கினாலும் ஜிப் உள்ள உறையாக வாங்குங்கள். விற்பவர் உங்கள் முன்னால் திறந்து காட்டட்டும். அப்புறம், நேர் வெயில் படும் ஜன்னல் பக்கம் உறையில்லாமல் வைக்காதீர்கள். வெயில் பட்ட லேடெக்ஸ் காய்ந்து உதிரும்.

நடுராத்திரி:
நன்றி. சட்டங்களை நெருக்கி, நடுக்காலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகுதான் மெத்தை. கடையில் இரண்டு விதத்திலும் நானும் மனைவியும் சேர்ந்து 20 நிமிடம் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கப்போகிறோம். கை எதில் மரக்கிறது என்று வந்து எழுதுகிறேன்.