200 சிசி சக்கர மோட்டாரை 315 ஆக்கினால் மேடு ஏறுமா?

முடோன் தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். ரப்பர்த் தோட்டத்தில் ஓடும் சின்ன ட்ராக்டர், நடுவில் மடங்கித் திரும்புகிற ரகம். 25 குதிரைசக்தி டீசல், 28 சிசி ஹெச்எஸ்டி பம்ப் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ரகம், பெல்ட் இழுவை, எஞ்சின் வேகத்திலேயே சுற்றும், முழு வேகம் நிமிஷத்துக்கு 2400 சுற்று). நாலு சக்கரத்திலும் பிஎம்ஆர் 200 மோட்டார் (எண்ணெயால் சுற்றுவது, ஒரு சுற்றுக்கு 200 சிசி), 32 மிமீ நேர் தண்டு, 10 மிமீ சாவி. எண்ணெய் நாலுக்கும் இணையாகத்தான் பிரியுது. டயர் 23×10.50-12. ரிலீஃப் (அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வு) 175 பார் என்று கையேட்டில் இருக்கு. வண்டி எடை 900 கிலோ, முன்பக்க வாளியில் 200 வீசை, அதாவது 325 கிலோ வரைக்கும் ஏற்றுவோம்.

காலையில் நல்லா ஏறுது. ஒரு மணி நேரம் ஓடி ஆயில் சூடானதும் 15 டிகிரி மேட்டில் பாதியில் நின்னுடுது. சக்கரம் வழுக்கவில்லை, எஞ்சினும் திணறவில்லை, சும்மா நிக்குது. ரங்கூனில் பிஎம்ஆர் 315 கிடைக்குதாம். நாலையும் மாத்தினா சரியாகுமா? திங்ஜான் (பர்மா புத்தாண்டு) முடிஞ்சு மழை இறங்குறதுக்குள்ள முடிக்கணும். பழைய ஓஸ் எல்லாம் ஜப்பான் வண்டியில் கழட்டினது.

ரங்கூன் பட்டறை:

தம்பி, மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மோட்டாரின் முறுக்குவிசை = பார் × சிசி ÷ 62.8. உங்களுக்கு 175 × 200 ÷ 62.8 = 557 நியூட்டன் மீட்டர். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இந்த ரக மோட்டார் அதில் சுமார் 80 சதவீதம்தான் தரும், 445 என்று வைங்க. டயர் ஆரம் 0.28 மீட்டர். நாலு சக்கரமும் சேர்ந்து சுமார் 6350 நியூட்டன், கிட்டத்தட்ட 650 கிலோ இழுவை.

15 டிகிரி மேட்டில் 1225 கிலோவை ஏற்ற சுமார் 317 கிலோ வேணும். சேறும் டயரும் பிடிச்சு இழுக்கிறதுக்கு இன்னொரு 120, 130 சேருங்க. மொத்தம் 450க்குள்ள அடங்குது. அப்போ மோட்டார் நல்லா இருந்தா 200 சிசியே போதும், மிச்சமும் இருக்கு. ஈர மண்ணில் முதலில் சக்கரம் வழுக்கணும், மோட்டார் நிக்கக் கூடாது. வழுக்காமலே நிக்குதுன்னா 175 பார் மோட்டாருக்கு வந்து சேரவில்லை. அது காலையில் வருது, சூடானதும் வரவில்லை. உள்கசிவுக்கு இதுதான் அடையாளம். 315 போட்டா ஒரு மாசம் மறைஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

எஞ்சின் திணறாததும் ஒரு குறிப்பு. எஞ்சின் படுத்தா குதிரைசக்தி பத்தலை. படுக்காம, ரிலீஃப் கத்தினா மோட்டார் சின்னது. படுக்கவும் இல்லை, கத்தவும் இல்லைன்னா எண்ணெய் எங்கேயோ ஓடுது.

வேகத்தையும் பாருங்க. பம்ப் 2400இல் நிமிஷத்துக்கு 67 லிட்டர், கசிவு போக 63. நாலாகப் பிரிஞ்சு இப்போ மணிக்கு 8.3 கிமீ வரும். 315 போட்டா 5.3தான். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ரப்பர் பால் டின் கொண்டுபோறவங்களுக்கு அது பெரிய எரிச்சல்.

தட்டோன்காரர்:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா எதையும் கழட்டும் முன்னாடி காசு செலவில்லாத ரெண்டைப் பாருங்க. ஒண்ணு, பம்பில் இருக்கும் இழுவை வால்வு. வண்டி நின்னுபோனா தள்ளிட்டுப் போறதுக்காகத் திறந்துவிடுற திருகு. யாராவது திறந்துட்டு முழுசா மூடாம விட்டிருந்தா, ஆயில் கெட்டியா இருக்கும்போது வண்டி ஓடும், சூட்டில் படுத்துடும். நீங்க சொல்றது அப்படியே இதே மாதிரிதான் இருக்கு. ரெண்டு, பெல்ட். அது வழுக்கினாலும் எஞ்சின் திணறாது. பம்ப் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டுப் பளு கொடுத்துப் பாருங்க, ஒரு ஆள் பக்கத்தில் நிக்காம தள்ளி நின்னு.

ஆயில் என்ன தரம்? 46 எண் ஆயில் 70 டிகிரியில் ரொம்ப நீர்த்துப்போகும். ஏப்ரல் வெயிலுக்கு 68 போடுறது நல்லது. கையேடு அனுமதிச்சா 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலும் பல ஹெச்எஸ்டிக்கு ஆகும். ரெண்டையும் கலக்காதீங்க.

முடோன் தோட்டம்:

நன்றி அண்ணே. இழுவை வால்வு அரைச் சுற்று திறந்துதான் இருந்தது! மூடினதும் கொஞ்சம் தேவலை, ஆனா இன்னும் நிக்குது. பெல்ட் நல்லா இருக்கு. ஆயில் 46தான். மோட்டார் ட்ரெயின் லைனை (உறைக்குள் கசியும் எண்ணெயை டேங்குக்குக் கொண்டுபோற குழாய்) கழட்டி பாட்டிலில் பிடிச்சேன், நாலிலும் நிமிஷத்துக்கு அரை லிட்டர்கூட இல்லை. அப்போ மோட்டார் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

ரங்கூன் பட்டறை:

இல்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுவாங்க. பிஸ்டன் மோட்டாரில் கசிவு உறைக்குள்ள விழுந்து ட்ரெயின் லைன் வழியா வெளியே வரும். உங்க பிஎம்ஆர் மாதிரி ஆர்பிட் மோட்டாரில் பல்சக்கரத் தொகுதியும் பக்கத் தட்டும் தேய்ஞ்சா, எண்ணெய் அழுத்தப் பக்கத்திலிருந்து நேரா திரும்பும் பக்கத்துக்குத் தாவிடும். பாட்டிலுக்கு வரவே வராது. ட்ரெயின் அதிகமா வந்தா மோட்டார் கெட்டதுன்னு சொல்லலாம். குறைவா வந்தா ஒண்ணும் சொல்ல முடியாது.

சரியான சோதனை இப்படி. ஆயிலை வேலை செய்யும் சூட்டுக்குக் கொண்டுவாங்க, ஆறினபின் பார்த்தா பலன் இல்லை. வண்டியைத் தாங்கி மேல தூக்கி நிறுத்துங்க. எஞ்சினை நிறுத்தி, பெடலை ரெண்டு பக்கமும் மிதிச்சு அழுத்தம் இறக்கின பிறகுதான் ஓஸைத் தொடணும். பம்பின் அழுத்த லைனில் 400 பார் கேஜ் வைங்க. பம்பின் ரெண்டு வாயையும் 350 பார் தாங்கும் இரும்பு அடைப்பானால் மூடி, எஞ்சினை 1200இல் வச்சு, பெடலை மெதுவா மூணு, நாலு நொடி மட்டும் மிதிங்க. அதுக்கு மேல போனா பம்புக்குள் ஆயில் கொதிக்கும். 175 வந்தா பம்ப் நல்லது.

அப்புறம் ஒரே ஒரு மோட்டாரை மட்டும் இணைச்சு, அந்தச் சக்கரத்தைச் சங்கிலியால் சட்டத்தோடு பூட்டி, அதே மாதிரி மிதிங்க. நாலையும் தனித்தனியா, அதே எஞ்சின் வேகத்தில், அதே ஆயில் சூட்டில். எந்த மோட்டாரில் அழுத்தம் ஏற மாட்டேங்குதோ அதுதான் திருடன். சக்கரத்தை இன்னொரு இடத்துக்குத் திருப்பிப் பூட்டி மறுபடி ஒரு தடவை பாருங்க, ஒரு பல்லில் மட்டும் தேய்மானம் இருந்தா முதல் தடவை தப்பிச்சிடும்.

கசிவைக் கையால் தடவித் தேடாதீங்க. ஊசித் துளை அளவு கசிவும் தோலுக்குள்ள எண்ணெயை ஏத்திடும், அதுக்கு அறுவைச் சிகிச்சைதான். அட்டையை நீட்டிப் பாருங்க.

முடோன் தோட்டம்:

பம்ப் 175 வந்துடுச்சு. முன் இடது 165, முன் வலது 115, பின் ரெண்டும் 160. முன் வலதில் தண்டு கொஞ்சம் ஆடுது, சீலும் கசியுது.

பெகு வயல்:

தண்டு ஆடுறதுதான் மூல காரணம். பிஎம்ஆர் தண்டைத் தாங்குற பேரிங் சக்கரத்தை நேரா மாட்டித் தொங்கவிட ஏத்ததில்லை. வாளிப் பளு முழுசும் முன்னாடி. தண்டு சாய்ஞ்சு சீல் போகும், அப்புறம் உள்ளே உரசல்.

பிஎம்ஆர் 315 வாங்காதீங்க. சிசி பெரிசானாலும் தண்டு, பேரிங், உள்ளே பல்சக்கரத்தையும் வெளித் தண்டையும் இணைக்கிற கார்டன் தண்டு எல்லாம் அதேதான். பல்சக்கரத்தின் அகலம் மட்டும்தான் கூடும். அதனால அனுமதிக்கிற தொடர் அழுத்தத்தைக் குறைச்சுப் போட்டிருப்பாங்க, தகட்டிலும் அட்டவணையிலும் பாருங்க. 175 பாரில் ஓட்டினா கார்டன் தண்டின் பல் உரிஞ்சுடும். உண்மையான மேம்பாடு பிஎம்எஸ். அதாவது டான்ஃபோஸ் ஓஎம்எஸ் அளவில் வர்ற சீன மோட்டார். அதில் கூம்பு உருளை பேரிங் இருக்கு, சக்கரத்துக்கு அதுதான் பொருத்தம்.

முன்னாடி ரெண்டை மட்டும் பிஎம்எஸ் 250 ஆக்கிட்டுப் பின்னாடி 200 அப்படியே விடலாம்.

தட்டோன்காரர்:

முன்னாடி 250, பின்னாடி 200ன்னா வேகம் மாறி ஒண்ணை ஒண்ணு இழுக்காதா?

பெகு வயல்:

தொடர் இணைப்பா இருந்தா கண்டிப்பா இழுக்கும். இது நாலும் இணை. தரைதான் வேகத்தைக் கட்டுப்படுத்துது, 250க்கு அதிக எண்ணெய், 200க்குக் குறைவுன்னு தானாகப் பிரிஞ்சுக்கும். முன் சக்கரத்துக்குக் கால்பங்கு கூடுதல் முறுக்கு, பளுவும் அங்கதான். மொத்தம் 800 சிசி 900 ஆகுது, வேகம் 8.3இலிருந்து 7.4தான் ஆகும். ஆனா ஒரு அச்சில் இடது வலது ஒரே அளவா இருக்கணும், இல்லாட்டி நேரா போகாது.

இன்னொன்னு, இணை இணைப்பில் ஒரு சக்கரம் வழுக்க ஆரம்பிச்சா எண்ணெய் முழுசும் அங்கே ஓடிடும், மத்த மூணும் நின்னுடும். அதுக்கு எந்த மோட்டாரும் மருந்தில்லை. வாளியைத் தூக்காம தாழ்த்தி ஓட்டணும், பின்னாடி எடை வைக்கணும்.

ரங்கூன் பட்டறை:

பெகுகாரர் சொல்றபடியே செய்யுங்க. மாட்டும்போது கவனிக்க வேண்டியது:

35 மிமீ கூம்புத் தண்டு (1:10) கேளுங்க, நேர் தண்டு வேண்டாம். சாவி மட்டும் தாங்கினா முன்பின் ஓட்டத்தில் சாவித்தடம் பிய்யும். கூம்பையும் ஹப்பையும் காயத் துடைச்சு, கிரீஸ் இல்லாம ஏத்தி, நட்டை 200 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க. பத்து மணி நேரம் ஓடினதும் மறுபடி. ஹப் புதுசா கடைய வேண்டிவரும், கூம்பின் அளவைக் கடைசல்காரர்கிட்ட மோட்டாரோடயே கொடுங்க, வரைஞ்சு கொடுத்தா தப்பும். டயரின் நடுக்கோடு பேரிங்குகளுக்கு மேல எவ்வளவு நெருங்குதோ அவ்வளவு நல்லது.

பிளேட் போல்ட் துளை பழசோடு ஒத்துப்போகும்னு நம்பாதீங்க. உங்க சட்டத்தில் 82.5 மிமீ குழியும் போல்ட் துளைகளுக்கு நடுவே 106.4 மிமீ இடைவெளியும் இருந்தா அதே ஃபிளேஞ்ச் (மோட்டாரைச் சட்டத்தில் மாட்டும் தட்டு) கேளுங்க.

ஓஸில் கவனம். ஜப்பான் ஓஸ் முனையின் மரை பிரிட்டிஷ் மரைதான், அதனால சுகமா ஏறிடும். ஆனா உள்ளே இருக்கை எதிர்மாறு, ஒண்ணு குழி, ஒண்ணு மேடு. இறுக்கினா சொட்டும், இன்னும் இறுக்கினா உடையும். முனையை மாத்திப் பிடிச்சுக்கோங்க.

கெட்ட மோட்டாரைப் பிரிச்சுப் பாருங்க. உள்ளே இரும்புத் தூள் இருந்தா அது மூடிய சுற்று முழுக்கப் பரவியிருக்கும். ஓஸ் எல்லாத்தையும் டீசல் விட்டுக் கழுவி, டேங்கைத் துடைச்சு, ஃபில்ட்டர் மாத்தி, 68 எண் ஆயில் புதுசா ஊத்துங்க. பழைய துணி வேண்டாம், நூல் உள்ளே போகும்.

மோட்டார் உறையில் ட்ரெயின் வாய் வழியா ஆயில் நிரப்பின பிறகு ஓஸ் மாட்டுங்க. ட்ரெயின் லைன் நேரா டேங்குக்கு, வேற எந்தத் திரும்பும் லைனோடும் சேர்க்கக் கூடாது. சேர்த்தா சீல் பிதுங்கும். சக்கரம் தரையில் படாத நிலையில் எஞ்சினைக் குறைவா வச்சு ரெண்டு பக்கமும் மெதுவா சுத்துங்க. ஏதாவது சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தினா அந்த மோட்டாரின் ரெண்டு ஓஸையும் மாத்தி மாட்டுங்க, சீன மோட்டாரில் இது சகஜம். நுரை அடங்கிற வரைக்கும் தரையில் இறக்காதீங்க. முதல் ஒரு மணி நேரம் வாளி காலியா, சமதரையில் ஓட்டுங்க.

மேட்டில் நிறுத்தும்போது கட்டை வைக்க மறக்காதீங்க. புது மோட்டாரும் நின்ன இடத்தில் மெதுவா கசிஞ்சு உருளும்.