லூவருக்கும் ஓர்சேவுக்கும் டிக்கெட்டே காட்டவில்லை, உடனே உதவி வேண்டும்

செங்காந்தள் | இரவு 11.40
அவசரம். குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் எடுத்தாகிவிட்டது. இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் முன்பதிவு செய்ய மூன்று நாளாக முயல்கிறேன். நாட்காட்டியில் எங்கள் தேதிகள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன, அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. கணவரின் கைபேசியிலும் அதே கதைதான். தளத்தில் பழுதா, எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மின்னல்கொடி | இரவு 11.52
உலாவியில் பழைய குக்கீகள் தங்கியிருந்தால் இப்படித்தான் ஆகும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். எனக்கு இரண்டு முறை இதுதான் கைகொடுத்தது.

கப்பல்காரன் | இரவு 11.58
குக்கீ எல்லாம் இல்லை. முகவர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து பாருங்கள், திருப்பிக் கொடுத்தவை ஒன்றிரண்டு கிடைக்கும்.

நெடுவழி | காலை 6.15
இந்த இழைகளில் பல ஆண்டுகளாகப் பதில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு வாரமும் இதே நிலைதான். எந்த மாதம் என்று இல்லை, எந்தக் கிழமை என்று இல்லை, பிள்ளையின் வயது இல்லை. நாடியைக் காட்டாமல் மருந்து கேட்டால் யாரால் கொடுக்க முடியும்? முதலில் விவரங்களை எழுதுங்கள், அம்மா. ஒரு நகரத்துக்கு நான்கு நாள் போவதற்கு நான்கு வாரமாவது படித்திருக்க வேண்டும்.

வெண்பனி | காலை 7.03
சகோதரி, பதற வேண்டாம். மூன்றே விவரம் போதும்: எந்தக் கிழமை இறங்குகிறீர்கள், எந்தக் கிழமை கிளம்புகிறீர்கள், மகளுக்கு என்ன வயது?

செங்காந்தள் | காலை 7.20
ஞாயிறு இரவு இறங்குகிறோம். வியாழன் காலை கிளம்புகிறோம். மகளுக்கு 12 நடக்கிறது. மறைநிலையிலும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

நெடுவழி | காலை 7.41
12 நடக்கிறதா, முடிந்துவிட்டதா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பாரிஸில் ஒரே பிள்ளைக்கு இடத்துக்கு இடம் வேறு வயதுக் கணக்கு. மெட்ரோவில் அரைக் கட்டணம் 4 முதல் 9 வயது வரைதான், 10 ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். ஈபிள் கோபுரத்தில் 11 வரை சிறார் டிக்கெட், 12 முதல் இளையோர் டிக்கெட். லூவரிலும் ஓர்சேவிலும் 18 வயதுக்குள் இருந்தால் இலவசம். வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இதையெல்லாம் பார்க்காமல் டிக்கெட் எடுப்பவர்கள்தான் பிறகு வாயிலில் நின்று வாதாடுகிறார்கள்.

செங்காந்தள் | காலை 7.50
11 முடிந்து 12 நடக்கிறது. ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துத்தான் பிறந்தநாள். மகளுக்கு இலவசம் என்பதால் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மின்னல்கொடி | காலை 8.05
பிரெஞ்சு மொழிப் பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தீர்களா? ஆங்கிலப் பக்கம் சில சமயம் சிக்கிக்கொள்ளும்.

வெண்பனி | காலை 8.11
இன்னும் ஒரே கேள்வி. எந்த இடம் எந்தக் கிழமை என்று பிரித்திருக்கிறீர்கள்?

செங்காந்தள் | காலை 8.30
திங்கள் ஓர்சே. செவ்வாய் லூவர். புதன் ஈபிள் கோபுரமும் கடைவீதியும்.

வெண்பனி | காலை 8.34
காரணம் அதுதான். ஓர்சேவுக்குத் திங்கள் விடுமுறை, லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. நீங்கள் இரண்டையும் சரியாக மூடியிருக்கும் நாளில் வைத்துவிட்டீர்கள். தளத்தில் பழுதில்லை, யாரும் டிக்கெட்டை அள்ளவும் இல்லை. வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சாம்பல் நிறம் போய்விடும்.

ஓர்சேவைச் செவ்வாய் காலை வைத்துக்கொள்ளுங்கள், 9.30க்குத் திறக்கிறார்கள். லூவருக்குப் புதன் மாலை நல்லது, அன்று இரவு 9 வரை திறந்திருக்கும். பகல் கூட்டம் வடிந்தபின் பிள்ளையோடு நடப்பது எளிது. ஒன்று மட்டும் மறவாதீர்கள்: இலவசம் என்றாலும் மகளுக்கும் சேர்த்து நேரம் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் உங்கள் இருவருக்கும் ஒரு நேரம் இருக்கும், அவளுக்கு இடம் இருக்காது.

கப்பல்காரன் | காலை 9.10
பதில் கிடைத்தது நல்லது. ஆனால் கேட்கிறேன், 11 வயதுப் பிள்ளைக்கு லூவர் எதற்கு? மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், அவ்வளவுதான். அதை முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு மேலே பார்க்க ஒரு மணி நேரம். என் மகன் அங்கே தரையில் உட்கார்ந்துவிட்டான். லா வில்லெட்டில் இருக்கும் அறிவியல் நகரம் என்ற அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள், பக்கத்திலேயே ஆர்கோனாத் என்ற உண்மையான நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது.

தாழம்பூ | காலை 9.36
இதை ஏற்க மாட்டேன். மோனாலிசாவோடு லூவர் முடிந்துவிடுகிறதா? சுல்லி பகுதியின் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் இடைக்காலக் கோட்டையின் அகழிச் சுவர் அப்படியே நிற்கிறது. அரண்மனைக்கு முன்னால் அது கோட்டையாக இருந்தது என்று சொன்னதும், என் மகள் கல்லில் செதுக்கிய குறிகளைத் தேடிக்கொண்டே நடந்தாள். அங்கிருந்து எகிப்தின் தானிஸ் நகரத்து ஸ்பிங்க்ஸ் சிலை பக்கம்தான். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம், அவள்தான் இன்னும் கொஞ்சம் என்றாள். எதைப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி, எத்தனை என்பது இல்லை.

கப்பல்காரன் | காலை 9.50
உங்கள் மகளுக்குக் கல் பிடிக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்க வேண்டுமா? பெற்றோரின் ஆசையைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம்.

நெடுவழி | காலை 10.02
பாரிஸுக்குப் போய் லூவரைப் பார்க்காமல் வருவது பெரும் தவறு. இந்த வயதில் காட்டாததைப் பிறகு எப்போது காட்டப்போகிறீர்கள்? அறிவியல் நகரம் போகிறவர்களும் கவனியுங்கள், அதற்கும் திங்கள் விடுமுறை. புதன் பிற்பகலில் அங்குள்ள பள்ளிகள் பலவற்றுக்கு வகுப்பு இல்லை, அதனால் கூட்டம் அதிகம்.

தாழம்பூ | காலை 10.20
பெரும் தவறு என்றெல்லாம் மிரட்ட வேண்டாம் ஐயா. நான் லூவர் பக்கம்தான் பேசுகிறேன், ஆனாலும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். செங்காந்தள், உங்கள் மகள் என்ன கேட்டாள்? அதை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

செங்காந்தள் | மதியம் 1.15
லூவர் எங்கள் ஆசை. அவள் கேட்டது ஓர்சேவின் பெரிய கடிகாரம் மட்டும்தான். நூலகப் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள்: கண்ணாடிக் கடிகாரத்துக்கு உள்பக்கம் ஒரு பிள்ளை நிற்கிறது, எண்கள் தலைகீழ்த் திசையில் ஓடுகின்றன, வெளியே ஆறு தெரிகிறது. அந்தப் பக்கத்தில் பேருந்துச் சீட்டைச் செருகி வைத்திருக்கிறாள்.

தாழம்பூ | மதியம் 1.22
அப்படியானால் அவளுக்கு இதையும் சொல்லுங்கள்: அந்தக் கட்டடம் 1900இல் ரயில் நிலையமாகத் திறந்தது, 1986இல்தான் அருங்காட்சியகமானது. ரயில் நிலையத்துக்கு ஏன் அவ்வளவு பெரிய கடிகாரம் என்று அவளே சொல்லிவிடுவாள். உள்ளே போனதும் நேரே மேல்தளத்துக்கு ஏறிவிடுங்கள், படங்களைப் பிறகு பார்க்கலாம்.

மின்னல்கொடி | மதியம் 2.40
குக்கீகளை அழிப்பது எப்படியும் நல்லதுதான்.

செங்காந்தள் | ஆறு நாள் கழித்து, இரவு 10.05
செவ்வாய் காலை ஓர்சே, புதன் மாலை லூவர். மூவருக்கும் பதிவாகிவிட்டது. வெண்பனிக்கு மிக்க நன்றி. திங்களை மகளிடமே விட்டோம். முதலில் நீர்மூழ்கிக் கப்பல் என்றாள், அன்று மூடியிருக்கும் என்று அவளே தேடிப் பார்த்து மாற்றிவிட்டாள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பரிணாமக் கூடத்துக்குப் போகிறோம், யானைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் ஊர்வலமாக நிற்குமாம். அதற்குச் செவ்வாய்தான் விடுமுறை. பெட்டி கட்ட வேண்டும், வருகிறேன்.