பழைய ஆர்எக்ஸ்-7 வண்டிக்கு டர்போ வைத்த அனுபவங்கள்

சிட்னி ரோட்டரி:

என்னுடையது 1984 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7. 12ஏ என்ற ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதிலாக, ஹவுசிங் என்ற கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழலும்), கார்புரேட்டர் வண்டி. டர்போ (புகையின் வேகத்தில் டர்பைனைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) வைத்துத்தான் ஓட்டுகிறேன். இங்கே சிட்னியின் மேற்குப் பகுதியில் இந்த வண்டிகளுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. 1983இல் ஆலன் மொஃபாட் ஆர்எக்ஸ்-7 ஓட்டி ஆஸ்திரேலிய டூரிங் கார் சாம்பியன் ஆனதைப் பெரியவர்கள் இப்போதும் நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். அதனால் டர்போ ஆசையோடு என்னிடம் வருகிற இளைஞர்களும் அதிகம். எல்லோரும் கேட்பது "எந்த டர்போ வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

ரோட்டரிக்கும் டர்போவுக்கும் இயல்பாகவே நன்றாகப் பொருந்தும். புகைபோக வால்வு கிடையாது. ஹவுசிங் சுவரில் இருக்கும் துளையை ரோட்டரின் முனை கடந்ததும் எரிந்த வாயு ஒரே வீச்சில் வெளியே பாயும், அதுவும் கடும் சூட்டோடு. டர்பைன் சட்டென்று சுழன்றுவிடும். ஆனால் அதே சூடுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். முழு ஆக்சிலரேட்டரில் புகைக்குழாயில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். மெல்லிய தகட்டில் செய்த மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுபோகும் குழாய்) வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். தடித்த ஸ்டீல் பைப்பில் செய்ததுதான் நிற்கும்.

அடுத்தது ஏபெக்ஸ் சீல். ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஒரு மெல்லிய இரும்புப் பட்டை இருக்கிறது. பெட்ரோல் குறைந்தோ டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முந்தியோ நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வந்தால் அந்தப் பட்டை உடையும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறிவிட்டு, புகையோடு வெளியேறும்போது டர்பைன் இலைகளையும் அடித்துக்கொண்டு போகும். பிஸ்டன் எஞ்சின் பெரும்பாலும் கொஞ்ச நேரம் தட்டிக்காட்டி எச்சரிக்கும். இதில் பலமான ஒரு நாக்கிங் போதும், கதை முடிந்தது.

மஸ்டாவே இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 1982இல் காஸ்மோவிலும், 1983இல் ஜப்பானில் விற்ற ஆர்எக்ஸ்-7இலும் 12ஏ டர்போ வந்தது. ஆர்எக்ஸ்-7இல் அதற்கு 165 குதிரைத்திறன். அதற்காக 9.4 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதத்தை 8.5க்கு இறக்கினார்கள், கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தார்கள். சாதாரண 12ஏவில் 9.4 ரோட்டரை அப்படியே வைத்துக்கொண்டு டர்போ மாட்டுகிறவர் பூஸ்டை (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை) அடக்கியே வாசிக்க வேண்டும். நான் 6 பிஎஸ்ஐயோடு நிறுத்தியிருக்கிறேன். ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டிக்கு அதுவே தாராளம்.

நான் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் கம்ப்ரஷன் சோதனை. சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் உயர்ந்த அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு முகம் செத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்று உள்ள கருவி வேண்டும். இல்லையென்றால் கேஜின் வால்வை அழுத்திப் பிடித்து, முள் மூன்று முறையும் ஒரே உயரத்துக்குத் துள்ளுகிறதா என்று பாருங்கள். பழைய எஞ்சின் இதில் தேறாவிட்டால் டர்போ பேச்சையே எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஆயில் கூலர். ரோட்டருக்குள் ஓடிக் குளிர்விப்பது எஞ்சின் ஆயில்தான், தண்ணீர் ஹவுசிங்கோடு சரி. 1983க்குப் பின் வந்த 12ஏ வண்டிகள் பலவற்றில் ஆயில் ஃபில்டருக்கு அருகே தண்ணீரால் குளிரும் சின்னக் கூலர்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பழைய மாடலில் இருந்ததுபோல முன்பக்கம் காற்றுப்படும் பெரிய கூலரை வைத்தேன். இந்த வேலைக்குச் செலவழித்த பணத்துக்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

பெட்ரோல் விஷயத்தில் கார்புரேட்டர் வழியாகவே பூஸ்டை ஊத முடியும். பலர் செய்து நன்றாகவும் ஓட்டுகிறார்கள். ஆனால் கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் அழுத்தம் வழக்கமாக 3, 4 பிஎஸ்ஐதான். உள்ளே 6 பிஎஸ்ஐ காற்று நிற்கும்போது பெட்ரோல் எப்படி நுழையும்? பூஸ்ட் ஏற ஏற அதே அளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றுகிற ரெகுலேட்டரும், அதற்கு ஈடுகொடுக்கும் பம்பும் கட்டாயம். நான் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கே மாறினேன். ஹால்டெக் எங்கள் சிட்னி கம்பெனி என்பதால் அதன் ஈசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) தெரிந்த ஆட்கள் இங்கே எளிதில் கிடைக்கிறார்கள். பெட்ரோலைவிட டைமிங்குக்காகத்தான் ஈசியுவைச் சிபாரிசு செய்வேன். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், லீடிங் (முதலில் பொறி விடுவது), டிரெய்லிங் (அதன் பின் விடுவது) என்று. பூஸ்டில் இரண்டின் பொறி நேரத்தையும் பின்தள்ள வேண்டும், டிரெய்லிங்கை இன்னும் 10 டிகிரிக்கு மேல் தாமதிக்க வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரால் இதை ஒழுங்காகச் செய்ய முடியாது.

இங்கே நியூ சவுத் வேல்ஸில் டர்போ சேர்த்தால் பொறியாளர் சான்றிதழ் வேண்டும். பொருள் எதுவும் வாங்குவதற்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். முதலில் பிரேக்கைத்தான் கேட்பார்.

கிள்ளான் 13பி:

அண்ணே, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் எஃப்சி (இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7) வண்டிக்கு என் யோசனை வேறு. அதில் வரும் டர்போ இல்லாத 13பி ரோட்டரி எஞ்சினில் டர்போவைச் சேர்ப்பதைவிட டர்போ எஞ்சினையே முழுதாக மாற்றுவது மேல். மலேசியாவில் ஜப்பான் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டி) கிடைத்தது எனக்கு வசதி. எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், ஈசியு எல்லாம் ஒன்றாக வந்தன. கியர்பாக்ஸ் மாறுவதால் புரொப்பெல்லர் ஷாஃப்டும் மாறும். டர்போ மாடலின் பின் டிஃபரென்ஷியலும் பெரியது, அதையும் தேடிப் பிடித்தேன். கணக்குப் பார்த்தால், தனித்தனியாகச் சேர்த்த நண்பர்களைவிட எனக்குச் செலவு குறைவு.

எங்கள் ஊர் வெயிலில் ஒரு தொல்லை உண்டு. எஃப்சி டர்போவில் இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது) எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் அதுவே அடுப்பாகிவிடுகிறது. முன்பக்கத்துக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

இன்னொன்று முக்கியம். சைலன்சரைப் பெரிதாக்கியதும் பூஸ்ட் தானாக ஏறத் தொடங்கியது. ரோட்டரி வெளியே தள்ளும் வாயு அவ்வளவு, கம்பெனி வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவு) துளையால் அதைச் சமாளிக்க முடியவில்லை. அப்போது ஈசியு பெட்ரோலை வெட்டி வண்டியை உலுக்கும். அந்த வெட்டை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். ஒரு பட்டறையில் எனக்கும் அதை மாட்டச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அந்த வெட்டுத்தான் எஞ்சினைக் காப்பாற்றுகிறது. டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையைக் கடைந்து அகலமாக்கினோம், பூஸ்ட் இருந்த இடத்தில் நின்றது.

ஸ்கார்பரோ எஃப்சி:

அண்ணா, என் சிநேகிதனின் 1987 எஃப்சியில் நடந்தது நீங்கள் சொன்னதேதான். டர்போ இல்லாத எஞ்சின், 9.4 கம்ப்ரஷன். அதில் ஒரு டர்போ கிட் வாங்கிப் பூட்டியிருந்தான். இன்ஜெக்டர் பழையது, பெட்ரோல் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர் மட்டும் புதுசு. வெயில் காலம் முழுக்க நன்றாக ஓடியது. இங்கே கனடாவில் 401 நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, இழுவை மட்டும் பாதியாகிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினால் ஐட்லிங் விட்டுவிட்டு அடிக்கிறது, சூட்டில் திரும்ப ஸ்டார்ட் ஆகவே இல்லை. பின் ரோட்டரில் சீல் போய்விட்டது. பெட்ரோல்-காற்றுக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்று இருந்திருந்தால் கலவை மெலிவது முன்பே தெரிந்திருக்கும்.

இப்போது பிரித்துக் கட்டப்போகிறோம். இரண்டு கேள்வி: பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டுமா? பழைய ஹவுசிங்கையே திரும்பப் போடலாமா?

சிட்னி ரோட்டரி:

தம்பி, கலக்கலாம். வண்டியில் ஏற்கனவே மீட்டரிங் பம்ப் ஒன்று எஞ்சின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு சீலுக்கு வழுவழுப்புக் கொடுக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்தால் 50 லிட்டர் பெட்ரோலுக்குக் கால் லிட்டர் நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் போதும். பம்பை எடுத்துவிட்டால் அரை லிட்டர். சாதாரண எஞ்சின் ஆயிலை டாங்கில் ஊற்ற வேண்டாம், கரி படியும்.

ஹவுசிங்கின் உள்சுவரில் இருக்கும் குரோம் பூச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளக் துளையைச் சுற்றியும் புகைபோகும் துளை ஓரத்திலும் உரிந்திருந்தாலோ, நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தாலோ அதைத் திரும்பப் போடாதீர்கள். புது சீலைச் சீக்கிரம் தின்றுவிடும். டர்போவின் டர்பைன் இலைகளையும் பாருங்கள், ஓரம் மழுங்கியிருந்தால் அதுவும் போச்சு. எப்படியும் எஞ்சினைப் பிரிக்கிறீர்கள், 8.5 கம்ப்ரஷன் உள்ள டர்போ ரோட்டர் ஜோடி ஒன்று கிடைக்கிறதா என்று தேடுங்கள். அப்படியே இன்ஜெக்டரையும் மாற்றிவிடுங்கள். டர்போ இல்லாத எஃப்சியில் நிமிடத்துக்கு 460 சிசி பெட்ரோல் விடுவது, டர்போ மாடலில் வந்தது 550. கிட்டோடு வந்த ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டவே வேண்டாம்.