தோல்விக்குப் பொறுப்பேற்ற தலைவரும் அதே தவற்றை மீண்டும் செய்வது ஏன்?

கேள்வி கேட்டவர்: நடுநிலை மேலாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் நிறுவனத்தில் சென்ற ஆண்டு ஒரு பெரிய திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. எங்கள் தலைமை அதிகாரி யார் மீதும் பழி போடாமல், எல்லோரையும் கூட்டி, முழுப் பொறுப்பும் தம்முடையதே என்று சொன்னார். அவர் மீது எங்களுக்கு இருந்த மதிப்பு அன்று கூடியது. ஆனால் அடுத்துத் தொடங்கிய திட்டமும் ஏறத்தாழ அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. எட்ட முடியாத கெடு விதிக்கப்படுகிறது, துறைத் தலைவர்கள் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் நடைவழியில் நின்று, "இது நடக்கிற காரியமா?" என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

அன்றைய ஆய்வுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் "துறைகளுக்கிடையே போதிய ஒருங்கிணைப்பு இல்லாமை" என்றும், தீர்வு என்ற இடத்தில் "இனிவரும் திட்டங்களில் கூடுதல் கவனம் செலுத்தப்படும்" என்றும் இருந்தது. விரைவில் எனக்கும் ஒரு பிரிவின் தலைமைப் பொறுப்பு வரவிருக்கிறது. பணிவும் நேர்மையும் உள்ள ஒருவரால்கூடத் தோல்வியிலிருந்து கற்க முடியாமல் போவது ஏன்? பொன்மொழிகளைத் தவிர்த்து, நடைமுறையில் எதை மாற்ற வேண்டும் என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வரலாற்று வாசகர்

உங்கள் அதிகாரி பாதி வேலையைச் செய்திருக்கிறார். அந்தப் பாதியைக்கூடச் செய்யாதவர்களே மிகுதி என்பதால் அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மறுபாதி எப்படி இருக்கும் என்பதற்கு, அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் முதல் இரண்டு ஆண்டுகளைப் பார்க்கலாம்.

1961 ஏப்ரல் 17 அன்று, அமெரிக்க உளவுத்துறை பயிற்சி அளித்த ஏறத்தாழ 1,400 கியூப அகதிகள், காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்ப்பதற்காகக் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினார்கள்; மூன்றே நாளில் தோற்கடிக்கப்பட்டார்கள். திட்டம் முந்தைய ஆட்சியில் தீட்டப்பட்டது. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தும், கென்னடி செய்தியாளர்கள் முன்னிலையில் பொறுப்பைத் தாமே ஏற்றார். உங்கள் அதிகாரியின் கதை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கென்னடி அடுத்து, முடிவு எடுக்கப்பட்ட விதத்தையே தோண்டிப் பார்த்தார். ஆலோசகராக இருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர், திட்டத்தை எதிர்த்துத் தனியே குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தும், கூட்டங்களில் அழுத்தமாகப் பேசாமல் அடங்கி இருந்துவிட்டார். அதைப் பின்னாளில் அவரே வருந்தி எழுதியிருக்கிறார். உங்கள் நடைவழிப் பேச்சும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, கூடிப் பேசியவர்களில் பலர் பழையவர்களே. பேசிய முறைதான் மாறியிருந்தது. பதவி வரிசையைப் பாராமல் யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. அதிபர் அறையில் இருந்தால் மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்பதால், சில கூட்டங்களில் அவர் வேண்டுமென்றே கலந்துகொள்ளவில்லை. முதல் நாளில் வான்வழித் தாக்குதலை நோக்கிச் சாய்ந்த பேச்சு, சில நாள் வாதத்துக்குப் பிறகு கடற்படைத் தடுப்பில் வந்து நின்றது. கென்னடி பணிவான மனிதரா என்பதைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. இடித்துரைப்பவர்களுக்கு இடம் வைத்தார் என்பதே இங்கு முக்கியம்.

பதில்: பாதுகாப்புத் தணிக்கையர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அதிபரின் அறையில் சரிப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் அப்படியே நடக்காது. அங்கே தலைவரின் காதுக்குத் தோல்வி வந்து சேருவதே முதல் சிக்கல்.

1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து தொடர்பான பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கையோ அந்தக் குழுக்களில்தான் கூடுதலாக இருந்தது. தலைமைச் செவிலியரிடம் அச்சமின்றிச் சொல்ல முடிந்த இடங்களில் பிழைகள் வெளியே வந்தன, அச்சம் நிலவிய இடங்களில் மறைக்கப்பட்டன என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே, தம் பிரிவில் பிழையே இல்லை என்று அறிக்கை வந்தால் மகிழ்ச்சி அடையும் தலைவர், மகிழ்ச்சி அடைய வேண்டிய நேரம் அதுதானா என்று ஒருமுறை யோசிப்பது நல்லது.

வான்போக்குவரத்துத் துறை இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் 1976 முதல், விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் தாங்கள் செய்த அல்லது கண்ட பிழைகளை எழுதி அனுப்பும் முறை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் படைத்த துறை நேரடியாக அதைப் பெறுவதில்லை. நாசா பெற்று, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுப் பயன்படுத்துகிறது. வேண்டுமென்றே செய்யாத மீறல் என்றால், 10 நாட்களுக்குள் எழுதி அனுப்பியவர் பொதுவாகத் தண்டனையிலிருந்து விலக்குப் பெறலாம். குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அந்த விலக்கு இல்லை. உங்கள் பிரிவில் இதைச் சிறிய அளவில் செய்யலாம்: பிழைகளைக் கேட்டுப் பெறுபவரும் ஆண்டு மதிப்பீடு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.

பதில்: எதிர்வாதி

எல்லோரும் தோல்வியை மட்டுமே ஆராய்ச்சி செய்வது எனக்கு உறுத்துகிறது. சரியான முடிவு எடுத்தும் தோற்கலாம், தவறான முடிவு எடுத்தும் தப்பிக்கலாம். விளைவை வைத்தே முடிவின் தரத்தை மதிப்பிடும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. போதாக்குறைக்கு, நடந்து முடிந்த பிறகு "இது அப்போதே தெரிந்ததுதானே" என்று தோன்றிவிடும்; இந்தப் பின்னறிவு மயக்கத்தை பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975 வாக்கிலேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார். எனவே தோல்விக்குப் பிறகு கூட்டப்படும் ஆய்வுக் கூட்டத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. முடிவு எடுக்கும் நாளிலேயே, என்ன எதிர்பார்க்கிறோம், எதை நம்பி இறங்குகிறோம், எது நடந்தால் நிறுத்திக்கொள்வோம் என்று அரைப் பக்கம் எழுதித் தேதியிட்டு வைத்தால், பிற்பாடு நினைவு நம்மை ஏமாற்ற முடியாது. வெற்றி பெற்ற திட்டத்தின் தாளையும் எடுத்துப் படியுங்கள். பல வெற்றிகள் தற்செயலானவை என்பது தெரியவரும்.

கேள்வி கேட்டவர்: நடுநிலை மேலாளர்

பதிலளித்த மூவருக்கும் நன்றி. அரைப் பக்கக் குறிப்பை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. இப்படியெல்லாம் ஏற்பாடு செய்த பிறகு, அது நிலைத்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

பதில்: பாதுகாப்புத் தணிக்கையர்

உறுதி எதுவும் இல்லை. 1986 ஜனவரி 28 அன்று நாசாவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். குளிரில், உந்துகல இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடக்கூடும் என்று பொறியாளர்கள் முந்தைய நாள் இரவே தொலைபேசிக் கூட்டத்தில் எச்சரித்திருந்தார்கள். ஏவுவது பாதுகாப்பானது என்று காட்டும்படி கேட்டிருக்க வேண்டிய இடத்தில், பாதுகாப்பற்றது என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழுந்தது. விசாரணைக் குழு அமைந்தது, பரிந்துரைகள் வந்தன, வளைய இணைப்பு மறுவடிவமைக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட கொலம்பியா விண்ணோடத்தின் இடது இறக்கையில், எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற காப்பு நுரைத்துண்டு ஒன்று மோதியது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டும் படம் எடுக்கப்படவில்லை. நுரை கழன்று விழுவது முந்தைய பயணங்களிலும் நடந்து, எதுவும் ஆகாமல் போனதால், அது பராமரிப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டிருந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதைந்து, மேலும் ஏழு பேர் இறந்தார்கள். சேலஞ்சரை வீழ்த்திய நிறுவனக் குறைகள் சரிசெய்யப்படாமலேயே இருந்தன என்று விசாரணைக் குழு எழுதியது.

எதிர்வாதி சொன்னது இங்கே பொருந்துகிறது: ஆபத்து இல்லாமல் முடிந்த பயணம் ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தவறான பாடத்தையே கற்பித்தது. ஆகவே, "கூடுதல் கவனம்" போன்ற தீர்வுகளை உங்கள் குறிப்பேட்டில் அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு தீர்வுக்கும் எதிரே, எந்த வேலை எந்த நாளில் எப்படி மாறும், மாறியதை யார் நேரில் போய்ப் பார்ப்பார் என்று இருக்கட்டும். பிரிவுக்குப் புதிதாக வருபவரிடம் பழைய தோல்விக் குறிப்பைப் படிக்கக் கொடுத்து, இன்றைக்கு நடப்பதில் எது அதைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். ஓர் ஆண்டு கழிந்தால் அவருக்கும் தெரியாது.

பதில்: வரலாற்று வாசகர்

ஒரு சிறு சேர்க்கை. ஆய்வுக் கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பணியில் இளையவர் முதலில் பேசட்டும். முடிந்தால், திட்டத்தில் தொடர்பில்லாத வேறு பிரிவினர் ஒருவரைக் கூட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். முதல் முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதற்காக ஏற்பாட்டைக் கைவிட வேண்டாம். முதன்முதலில் உங்கள் முடிவைக் குறை சொல்பவர் அடுத்த மாதம் என்ன ஆகிறார் என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.