எம்பிக் குதிக்கும்போது உழைப்பது தசையா, தசைநாணா?

வலையோரம்:
நின்ற நிலையிலிருந்து சட்டென்று இறங்கி எம்பினால் 38 செ.மீ. அரைக்குந்தில் அசையாமல் இருந்து அங்கிருந்தே எம்பினால் 34. இந்த 4 செ.மீ. முழுக்க தசைநாண் ஸ்பிரிங் போல இழுபட்டுத் திருப்பித் தருவது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் ஸ்குவாட்டை (குந்தி எழும் பயிற்சியை) விட்டுவிட்டு ஸ்கிப்பிங் மட்டும் போதாதா? கணக்கோடு யாராவது விளக்குங்கள்.

நாணேற்றம்:
முதலில் சொல்லைத் தெளிவாக்கிவிடலாம். 'தசைநார்' என்று சிலர் லிகமெண்டைச் சொல்கிறார்கள். இங்கே பேச்சு தசையை எலும்போடு கட்டும் டெண்டனைப் பற்றி, அதாவது தசைநாண்.

ஸ்பிரிங் வேலை உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் தானாக எதையும் உண்டாக்காது. இழுத்து வைத்ததைத்தான் திருப்பித் தரும், அதிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். தோராயமாகப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ ஆள், உடலின் ஈர்ப்பு மையம் குந்திலிருந்து தரையை விடும்வரை 40 செ.மீ., காற்றில் 38 செ.மீ. உயர்கிறது. தேவையான ஆற்றல் சுமார் 535 ஜூல். ஒரு குதிகால் நாணில் 3000 நியூட்டன் விசை, 15 மி.மீ. நீட்சி என்று வைத்தால் அதில் சேர்வது 22 ஜூல் சொச்சம், இரண்டு காலுக்கும் 45. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி தொடையும் புட்டமும் போடும் உழைப்பு.

அப்புறம் நாண் எதற்கு? வேகத்துக்கு. தசை இழை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறையும். உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில் 1938இல் தவளைத் தசையில் அளந்து காட்டியது இது. தரையை விடுவதற்கு முந்தைய 100 மில்லிசெகண்டில் கணுக்கால் விரியும் வேகத்துக்கு இழைகளே சுருங்க வேண்டியிருந்தால் கையில் விசையே மிஞ்சாது. அல்ட்ராசவுண்டில் தெரிவது வேறு: கெண்டைக்கால் இழைகள் முதலில் நிதானமாகச் சுருங்கி நாணை நீட்டுகின்றன, பிறகு நீளம் அதிகம் மாறாமல் இறுக்கிப் பிடிக்கின்றன, கடைசியில் நாண் விடுபடுகிறது. மெதுவாகச் சேர்த்ததை வேகமாகச் செலவழிப்பது. (வில்லில் வளைவது தண்டு, நாண் அல்ல. காலில் நாணே வில்!)

இன்னொன்று: கெண்டைக்கால் தசையின் மேல்முனை முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் கட்டியிருக்கிறது. முழங்கால் நீளும்போது அந்த முனை மேலே இழுபடும். தசை நீளம் மாறாமல் பிடித்தாலே போதும், கயிறு இழுத்த மாதிரி குதிகால் எழும்பும். தொடையின் உழைப்பு கணுக்காலில் வெளிப்படுவது இப்படித்தான். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்ற வரிசை பிசகினால் உயரம் குறைவதும் இதனால்தான்.

மூன்றாம்செட்:
சார், அந்த 4 செ.மீ.யை மொத்தமா நாண் கணக்குல எழுதாதீங்க. உடல் அசைவை ஆராயுற பாபர்ட்டும் கூட இருந்தவங்களும் 1996லயே இதைப் பிரிச்சுப் பார்த்தாங்க. முக்கியக் காரணம் தசை முழுசா விழிக்க எடுக்கிற நேரம். குந்தில சும்மா நிக்கும்போது கால்ல உடம்பைத் தாங்குற அளவுக்குத்தான் விசை. 'எம்பு'ன்னு சொன்னதும் விசை ஏறுறதுக்குள்ள பாதையில ஒரு துண்டு வீணாப் போயிடும். இறங்கி எம்பும்போது, இறக்கத்தை பிரேக் போட்டு நிறுத்தவே பெரிய விசை வேணும்; அடியில திரும்பும்போதே அது தயாரா இருக்கு.

அளவையும் சந்தேகப்படுங்க. போன் ஆப் காற்றில் இருக்கும் நேரத்தை வெச்சுத்தான் உயரத்தைக் கணக்குப் போடும்: 0.56 வினாடின்னா 38 செ.மீ., 0.53ன்னா 34. உங்க வித்தியாசமே 0.03 வினாடிதான்! இறங்கும்போது முழங்காலை மடக்கி உடம்பை 8 செ.மீ. கூடுதலா தாழவிட்டா அதே 0.03 வந்துடும். சரியா அளக்கணும்னா கை இடுப்புல, குந்தில 2–3 வினாடி அசையாம நிக்கணும், கிளம்பும் முன்னாடி துளிகூட இறங்கக் கூடாது, கால் நீட்டி முன்பாதத்துல இறங்கணும்.

வலையோரம்:
சரி, அப்போ பயிற்சியில் எதைச் சேர்ப்பது?

நாணேற்றம்:
ஸ்குவாட் இருக்கட்டும், அந்த 535 ஜூலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வரவேண்டும். நாணைக் கெட்டிப்படுத்த ஸ்கிப்பிங்கின் நொடிநேர இழுப்பு போதாது. பெரிய விசை, கொஞ்சம் நீண்ட நேரம் வேண்டும். ஆய்வுகளில் பலன் தந்த முறை: முழங்காலை நீட்டி, பாதம் கிட்டத்தட்ட செங்கோணத்தில், நகராத ஒன்றின்மீது அதிகபட்ச விசையில் 90% அளவுக்கு அழுத்தி 3 வினாடி பிடி, 3 வினாடி விடு. அப்படி 4 முறை ஒரு செட், 5 செட், வாரம் 4 நாள், 14 வாரம். அவசரப்பட வேண்டாம். பலம் கூடுவதில் தசை முந்திக்கொள்ளும், நாண் மெதுவாகத்தான் பின்னால் வரும். அந்த இடைவெளியில் குதிப்பு எண்ணிக்கையைத் திடீரென்று ஏற்றுகிறவர்களுக்குத்தான் முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி ஆரம்பிக்கும்.

பெட்டியிலிருந்து இறங்கி உடனே எம்புவதை 20–30 செ.மீ. உயரத்தில் தொடங்குங்கள். பாதம் தரையில் கால் வினாடிக்குமேல் தங்கக் கூடாது. குதிகால் 'டப்'பென்று தரையில் மோதினால் கெண்டைக்கால் பிடியை விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த செட்டுக்குப் பெட்டியை 10 செ.மீ. இறக்கிவிடுங்கள்.