வெட்டிவேரா, லவண்டரா: உறக்கம் வராத இரவுகளில் நாங்கள் முகர்ந்தவை

கல்லடியிலிருந்து

என் கணவர் காலமான பின்னர் ஓராண்டுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கு முன் நான் கண்ணயர்ந்ததாக நினைவில்லை. வாவிப் பக்கமிருந்து வரும் வள்ளங்களின் இயந்திர ஓசையையும் பாலத்தில் ஏறி இறங்கும் லொறிகளையும் எண்ணிக்கொண்டே கிடப்பேன். மெல்பேணில் இருக்கும் மகள் இதைக் கேள்விப்பட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் பத்து மில்லிலீற்றர் லவண்டர் எண்ணெய்ப் போத்தல் ஒன்றையும், தண்ணீரில் விட்ட எண்ணெயைப் புகார்போல அறையில் பரப்பும் சிறிய மின்கருவி ஒன்றையும் கொடுத்தனுப்பினாள். ஐந்து துளி விட்டால் போதும், பத்து நிமிடத்தில் நித்திரை வந்துவிடும் என்பது அவள் வாக்கு.

முதல் இரவு கருவியை இயக்கிவிட்டுப் படுத்தேன். அந்த மணம் எனக்குக் கொண்டுவந்தது உறக்கத்தை அன்று. முப்பத்தொரு ஆண்டுகள் நான் வேலை செய்த அலுவலகத்தில், திங்கட்கிழமைக் காலைகளில் தரை துடைக்கப் பயன்படுத்திய ஊதா நிறத் திரவத்தை. படுத்தபடியே எந்தக் கோப்பு யாருடைய மேசையில் தேங்கி நிற்கிறது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். மகளின் மனம் நோகக் கூடாதென்று "நல்லா இருக்கு மகள்" என ஒரு மாதம் பொய் சொன்னேன்.

பிறகு ஒருநாள் பெட்டகத்தைத் துப்புரவாக்கும்போது, என் பெத்தா சேலை மடிப்புகளுக்குள் வைத்திருந்த வெட்டிவேர்க் கட்டு ஒன்று கைக்கு அகப்பட்டது. நூல் சுற்றிய அந்த வேரில் சிறிது தண்ணீர் தெளித்ததும், கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில் அவர் வீட்டு மண்பானைத் தண்ணீர் எப்படி மணக்குமோ, அந்த மணம் அப்படியே எழுந்தது. அன்று பகலிலேயே கதிரையில் சாய்ந்தபடி சற்று உறங்கிப்போனேன்.

அதன் பின்னர்தான் வெட்டிவேர் எண்ணெயைத் தேடி வாங்கினேன். அது மற்ற எண்ணெய்களைப்போலச் சொட்டுவதில்லை. போத்தலைக் கவிழ்த்தால் பாணிபோலத் திரண்டு வாயில் தொங்கி நிற்கும். உள்ளங்கைகளுக்கிடையே போத்தலை உருட்டிச் சற்றுச் சூடேற்றினால்தான் ஒரு துளி மனமிரங்கி விழும். அந்த ஒரு துளியை நான்காக மடித்த லேஞ்சியில் விட்டுத் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி வைக்கிறேன். லவண்டர் நள்ளிரவுக்குள் பறந்துவிடும். வெட்டிவேரோ மறுநாள் மாலையிலும் லேஞ்சியில் நிற்கும்.

ஆயினும் முழுப் பெருமையையும் வேருக்கே கொடுத்தால் அது நேர்மையாகாது. அதே காலத்தில் கிளினிக்குச் சென்றபோது மருத்துவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: கடைசித் தேநீர் எத்தனை மணிக்கு, பகலில் எவ்வளவு நேரம் படுக்கிறீர்கள், இரவில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு நான் குடித்துவந்த பிளேன்டீ நின்றது. பகல் உறக்கம் அரை மணித்தியாலமாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்துக்காக மாலையில் எடுத்துவந்த, சிறுநீரை அதிகமாகப் போக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். இப்போது பத்தரைக்கு விளக்கை அணைத்து லேஞ்சியை மடித்து வைத்தால், அந்த மணம் "சரி, இனிப் படுக்கலாம்" என்று உடம்புக்குச் சொல்வதாக எனக்குப் படுகிறது. வேறு யாருக்காவது இத்தகைய அனுபவம் உண்டா?

கல்முனையிலிருந்து

அக்கா, நான் மருந்தகத்தில் வேலை செய்பவன். உங்கள் மருத்துவர் கேட்ட கேள்விகளை என்னிடம் லவண்டர் வாங்க வருவோரிடமும் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. லவண்டரிலுள்ள லினலூல், லினலைல் அசிட்டேட் ஆகிய பொருட்களுக்கு அமைதிப்படுத்தும் இயல்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முகர்ந்தவர்கள் உறக்கம் ஓரளவு மேம்பட்டதாகச் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகளிற் பல சிறியவை. மாத்திரையென்றால் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம்; மணத்தை அப்படி மறைக்க முடியாது, முகர்ந்தவருக்குத் தாம் எதை முகர்ந்தோம் என்பது தெரிந்துவிடும். எனவே உதவக்கூடும் என்று சொல்லலாம், மருந்தென்று சொல்ல முடியாது.

விற்பனைக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதையொன்று உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே ஆய்வுகூட வெடிப்பொன்றில் கை வெந்து, அதை லவண்டரில் தோய்த்ததும் குணமாகிவிட்டதாம். 1910இல் அவருக்கு விபத்து நேர்ந்ததும், அவர் லவண்டரைப் பயன்படுத்தியதும் உண்மையே. ஆனால் அது காயத்தைப் பற்றிய கதை. உறக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வாங்குவோருக்கு நான் சொல்வது இதுதான். கடும் நிறக் கண்ணாடிப் போத்தலா, தாவரத்தின் அறிவியற் பெயர், லவண்டரென்றால் லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று, எழுதப்பட்டிருக்கிறதா என முதலிற் பார்க்க வேண்டும். மல்லிகை, சந்தனம், எலுமிச்சம்புல் மூன்றும் ஒரே விலைக்குத் தட்டில் அடுக்கப்பட்டிருந்தால் அவை செயற்கை வாசனைத் திரவங்கள் என்றே கொள்ளலாம், ஏனெனில் புல்லின் விலைக்கு மல்லிகையையும் சந்தனத்தையும் யாராலும் வடித்துக் கொடுக்க முடியாது. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுப் பார்ப்பதும் நல்லது. தூய லவண்டர் ஆவியாகிவிடும், சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுப்பான கறை எஞ்சும்.

நம் ஊர் வெயிலுக்கு மிகவும் தேவையான எச்சரிக்கை வேறொன்று. சில மாதங்களுக்கு முன் ஒரு ரியூஷன் ஆசிரியை கழுத்தில் சிவந்த தடிப்புகளோடு வந்தார். லவண்டர் எண்ணெயை எதிலும் கலக்காமல் கழுத்தில் தடவியிருக்கிறார். அந்தப் போத்தலோ மூன்று ஆண்டுகளாக யன்னற் கட்டில், மூடி சரியாக இறுகாமல் நின்றிருக்கிறது. லினலூல் காற்றோடு சேர்ந்து நாட்பட மாறும்போது உருவாகும் பொருட்களே தோலில் ஒவ்வாமையைத் தூண்டுபவை. வெப்பமும் வெளிச்சமும் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். தோலில் தடவுவதென்றால் முப்பது மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய்க்கு ஆறு துளி, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு, போதுமானது. கறுவாப் பட்டை எண்ணெய் நம் நாட்டுச் சரக்குத்தானே என்று அதைத் தடவ முற்படுபவர்களும் இருக்கிறார்கள். அது தோலை எரிக்கும், உறக்கத்துக்கும் உதவாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தலைமாட்டில் இருந்த யூக்கலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை குடித்துவிட்டதென்று ஒரு தந்தை கடைக்கு ஓடிவந்தார், வாந்தி எடுக்க வைக்க மருந்து கேட்டு. சிறு பிள்ளைகளுக்கு ஒரு தேக்கரண்டி அளவே வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கிவிடலாம், கற்பூரமும் அத்தகையதே. வாந்தி எடுக்க வைத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸில் அனுப்பினோம், பிள்ளை பிழைத்தது.

காத்தான்குடியிலிருந்து

எங்கள் வீட்டில் நடந்தது சிறிய விடயம். நுளம்பும் போகும் நித்திரையும் வரும் என்று எண்ணி, யன்னல்களைச் சாத்தி, சிட்ரோனெல்லாவையும் லவண்டரையும் ஒன்றாகக் கருவியில் விட்டேன். அரை மணித்தியாலத்தில் வாப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. வீடு முழுவதும் விழித்திருந்து அவருக்கு இன்ஹேலர் கொடுத்ததுதான் அன்றைய அரோமாதெரபி. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மூடிய அறைக்குள் இந்தக் கருவி வேண்டாம். சாம்பிராணிப் புகைக்கும் இதே விதிதான். சிட்ரோனெல்லா விரைவாக ஆவியாகிவிடும் என்பதால் விடியும்வரை நுளம்பைத் தடுக்காது. வலையைப் போட்டுக்கொள்வதே மேல்.

இப்போது மருந்தகத் தம்பி சொன்ன அளவிலேயே தேங்காய் எண்ணெயில் கலந்து, உம்மாவின் பாதங்களை இஷாத் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் பிடித்துவிடுகிறேன். உம்மா நன்றாக உறங்குகிறார். லவண்டரினாலா, மகள் பக்கத்தில் இருந்து கால் பிடிப்பதினாலா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்.

திருக்கோவிலிலிருந்து

கல்லடி அக்கா பழகிய மணத்தில் உறங்குகிறார்; எனக்கு அதன் மறுபக்கம் நேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் வளவில் கிணற்றுக் கட்டு மட்டுமே எஞ்சியது. அதன் பின்னர் பாடசாலைக் கட்டடத்தில் நாங்கள் தங்கியிருந்த நாட்களில் ஊதுபத்தியும் கிருமிநாசினியும் கலந்த ஒரு மணம் இரவும் பகலும் வீசிக்கொண்டேயிருந்தது. திருமணமான பிறகு, வெள்ளிக்கிழமை மாலைகளில் மனைவி சந்தன ஊதுபத்தி கொளுத்தும் ஒவ்வொரு முறையும் ஏதோ காரணம் சொல்லி நான் வெளியே போய்விடுவேன். அன்றிரவு உறக்கமும் வராது. ஏனென்று பல ஆண்டுகளாக எனக்கே விளங்கவில்லை.

மனநல கிளினிக்கில் ஒரு தாதிதான் அதை விளக்கினார். பார்த்ததும் கேட்டதும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே மூளையின் மேற்பகுதிக்குச் செல்ல, மணமோ அங்கே தங்காமல், அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும் அதற்கு அண்டையிலுள்ள நினைவுப் பகுதிக்கும் குறுக்கு வழியில் போய்விடுகிறதாம். அதனால்தான் காரணம் நினைவுக்கு வருமுன்பே நெஞ்சு படபடக்கிறது. சந்தனம் மனதை அமைதிப்படுத்தும் என்று போத்தலில் எழுதியிருக்கலாம். என் மூக்குக்கு அது தெரியாது.

மருமகன் ஒருவன் கொண்டுவந்த லவண்டர் எனக்குப் பொருந்தியதற்குக் காரணம், அது எனக்கு எதையும் நினைவூட்டாததே என்று கருதுகிறேன். எங்கள் வீட்டிலோ கோயிலிலோ மரண வீட்டிலோ நான் அதை முகர்ந்ததில்லை. துவாயின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, பாயில் படுத்து, மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெதுவாக விடுகிறேன். கடல் இரையும் மார்கழி இரவுகளில் இதுவும் பலிப்பதில்லை. அப்போது எழுந்து விறாந்தையில் இருந்துவிட்டு, கண் சொருகிய பின்னரே பாய்க்குத் திரும்புகிறேன். மனைவி இப்போது ஊதுபத்திக்குப் பதிலாக விளக்கு மட்டுமே ஏற்றுகிறாள்.

மீண்டும் கல்லடியிலிருந்து

திருக்கோவில் தம்பி எழுதியதைப் படித்த பின்னர் மகளிடம் உண்மையைச் சொன்னேன், லவண்டர் எனக்குத் தரை துடைக்கும் மணமாக இருந்ததென்று. சிரித்தாள், பிறகு, தனக்கும் மூன்று மாதமாக ஒழுங்கான நித்திரை இல்லையென்றாள். பெட்டகத்தில் இருக்கும் என் பழைய வொயில் சேலை ஒன்றை, துவைக்காமல், அடுத்து யாராவது வரும்போது கொடுத்தனுப்பச் சொன்னாள்.

மருந்தகத் தம்பிக்கு ஒரு கேள்வி: லவண்டர் போத்தலில் பாதி மிச்சம் இருக்கிறது, திறந்து பதினொரு மாதம். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

கல்முனையிலிருந்து

மூடியை இறுக்கி வைக்கலாம் அக்கா. ஆனால் இருமல் பாணிப் போத்தலுக்குப் பக்கத்தில் வேண்டாம்; இரவில் கண்ணாடி போடாமல் கையை விட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.