டெட்டனேட்டரும் எமல்ஷனும் ஒரே லாரியில் போகலாமா?

மண்டாய்க்கல்
போகலாம் என்பது என் கட்சி. பாறை உடைக்கும் வேலைக்கு எமல்ஷன் (துளையில் நிரப்பும் வெடிமருந்து) ஒரு லாரியில், டெட்டனேட்டர் (அதை வெடிக்க வைக்கும் சிறு குழாய்) இன்னொரு வண்டியில் என்று பிரித்து அனுப்புவதைப் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்காமல் செய்துவருகிறோம். வண்டி இரண்டானால் ஓட்டுநரும் இரண்டு, விரைவுச்சாலையில் விபத்துக்கான வாய்ப்பும் இரண்டு. ஆபத்தான சரக்குக்கான ஐநா மாதிரி விதிகள் ஒவ்வொரு வெடிபொருளுக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் தருகின்றன. எண் ஆபத்துப் பிரிவு: 1.1 மொத்தமாக வெடிப்பது, 1.4 சிறு ஆபத்து. எழுத்து எது எதோடு சேரலாம் என்ற தொகுதி: பி டெட்டனேட்டர், டி எமல்ஷன் போன்ற வெடிமருந்து, எஸ் விளைவு பெட்டிக்குள் அடங்குவது. அந்த விதிகளில் எஸ் தொகுதிச் சரக்கை ஏ, எல் இரண்டைத் தவிர மற்ற எல்லாத் தொகுதியோடும் சேர்த்து ஏற்றலாம். ஆகவே 1.4எஸ் டெட்டனேட்டரை 1.1டி எமல்ஷனோடு ஏற்றத் தடையில்லை. 1.4பி, 1.1பி என்றாலும் வழி இருக்கிறது. வெடிப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாதபடி தனி அறையோ அங்கீகரித்த பெட்டியோ இருந்தால், பியும் டியும் ஒரே வண்டியில் போகலாம் என்று சாலைவழி ஆபத்தான சரக்குக்கான ஐரோப்பிய ஏடிஆர் விதி சொல்கிறது. அமெரிக்காவில் ஒட்டுப்பலகை, ஜிப்சம் பலகை, எஃகுத் தகடு என அடுக்கடுக்காகச் செய்த பெட்டிக்கு எஸ்எல்பி-22 என்றே ஒரு தரநிலை உண்டு. ஏடிஆர் நம் ஊர்ச் சட்டம் இல்லை, தெரியும். இங்கே சிங்கப்பூரில் வெடிமருந்துக்கு உரிமம் தருவது போலீஸ், அவர்கள் போடும் நிபந்தனைதான் முடிவு. அந்த நிபந்தனை எப்படி இருந்தால் நல்லது என்பதைத்தான் கேட்கிறேன்.

துளைக்கோல்
மண்டாய்க்கல், உங்கள் கணக்கில் ஒரு பிசகு. இரண்டு வண்டியும் ஒரே அளவு ஆபத்தோடு ஓடவில்லை. வட அமெரிக்க அவசரகாலக் கையேட்டைப் பாருங்கள். 1.1 சரக்கேற்றிய வண்டி தீப்பிடித்தால் நாலாபக்கமும் 1,600 மீட்டர் விலக்க வேண்டும். 1.4 என்றால் 500 மீட்டர். நீங்கள் குறைக்கப் பார்ப்பது 500 மீட்டர் வண்டியின் ஓட்டத்தை. 1,600 மீட்டர் வண்டியின் ஓட்டம் அப்படியே இருக்கிறது, அதோடு அதை வெடிக்க வைக்கும் பொருளும் அதிலேயே ஏறுகிறது. இது எப்படி லாபமாகும்? வீவக அடுக்குமாடி புளோக்குகள் நிற்கும் இடத்தில் 1,600 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே எத்தனை பள்ளி, எத்தனை எம்ஆர்டி நிலையம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆபத்துப் பிரிவு வேறுபட்ட சரக்கை ஒன்றாக ஏற்றினால் மொத்தச் சுமையையும் கடுமையான பிரிவாகவே கணக்கிட வேண்டும் என்பதும் நீங்கள் காட்டிய ஏடிஆர் விதிதான். நாற்பது பெட்டி எமல்ஷன், பெட்டிக்கு 25 கிலோ என்றால் 1,000 கிலோ. வெடிமருந்துக்கென ஏடிஆர் வகுத்த இஎக்ஸ்/2 வகை வண்டிக்கு 1.1 வரம்பு அத்தோடு தீர்ந்தது. எஸ் தொகுதியை அந்த வரம்பில் சேர்ப்பதில்லை, சரி. ஆனால் பி தொகுதி டெட்டனேட்டரை எந்தக் கணக்கில் ஏற்றுவீர்கள்?

மண்டாய்க்கல்
வரம்பு நியாயமான கேள்வி. ஒரு டெட்டனேட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவு, ஆயிரம் போனால் ஒரு கிலோ. ஒரு பெட்டி எமல்ஷனைக் குறைத்தால் போதும்.

ஆனால் பெரிய விபத்துகளை எது உண்டாக்கியது என்று பாருங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், ஏஞ்செல்லாலா ஓடைப் பாலத்தருகே ஒரு லாரி கவிழ்ந்து தீப்பிடித்து வெடித்தது. ஏற்றியிருந்தது ஏறக்குறைய 53 டன் அமோனியம் நைட்ரேட். வெடிபொருளுக்கான வகுப்பு 1 கூட இல்லை, ஆக்சிஜனேற்றிகளுக்கான 5.1. எட்டுப் பேர் காயமடைந்தார்கள், சாலைப் பாலமும் ரயில் பாலமும் போயின. அந்த லாரியில் டெட்டனேட்டர் ஒன்றுகூடக் கிடையாது. வெடிக்க வைத்தது தீ. நம் கவலை வண்டித் தீயில் இருக்கட்டும், தடுப்பறையில் வேண்டாம்.

சக்கரம்
இந்த இடத்தில் மண்டாய்க்கல் சொல்வது சரி. ஆனால் தீயைப் பற்றிப் பேசினால் டயரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் ஒன்றில் காற்று இறங்கினால் சுமை முழுவதும் மற்றதில் விழும். இறங்கிய டயர் வளைந்து வளைந்து உள்ளுக்குள்ளே சூடேறும். முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடும் பிரேக்கும், கிரீஸ் வற்றிய பேரிங்கும் செய்வது அதே வேலை. ரப்பர் பற்றிவிட்டால் பவுடர் அணைப்பான் மேல்சுவாலையைத்தான் அடிக்கும். உள்ளே சூடு அப்படியே இருப்பதால் சில நிமிடத்தில் திரும்பப் பற்றும். அதைக் குளிரவைக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அது லாரியில் இருக்காது.

அதனால் கிளம்பும் முன் ஒவ்வொரு டயருக்கும் காற்றழுத்தமானி வைத்துப் பாருங்கள். தட்டிப் பார்ப்பது போதாது. இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி, சக்கரக் குடத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோய் ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்று ஒப்பிடுங்கள். பேட்டரி துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் பத்தாது, தினமும் பார்க்க வேண்டும்.

எஞ்சினிலோ டயரிலோ சிறு தீ என்றால் அணைக்க முயலலாம். தீ சரக்குப் பெட்டியைத் தொட்டுவிட்டால் அணைப்பானைப் போட்டுவிட்டு விலகி ஓட வேண்டும், மற்றவர்களையும் விரட்ட வேண்டும். தீயணைப்புப் படையை 995இல் அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே ‘வெடிமருந்து லாரி, 1.1, இத்தனை கிலோ’ என்று சொல்லுங்கள். வெறும் ‘லாரி தீப்பிடித்தது’ என்று சொன்னால் வருகிற வீரர்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள்.

பிடோக் மாணவன்
ஒரு சந்தேகம். பகுதி பகுதியாக வெடிமருந்து கொண்டுபோவதற்குப் பதில், தளத்திலேயே கலக்கலாமே?

துளைக்கோல்
அதற்குத்தான் மூல எமல்ஷன், ஐநா எண் 3375. சாலையில் வரும்போது வகுப்பு 5.1. துளைக்குள் இறக்கும் நேரத்தில்தான் வெடிக்கும் தன்மை பெறும். பெரிய குகை வேலைக்கு அது நல்ல வழி. ஜூரோங் தீவுக்கு அடியில் பாறைக் குகைகளுக்காக ஏறக்குறைய 35 லட்சம் கன மீட்டர் பாறையை எடுத்தார்கள். அந்த அளவு வேலைக்கு அந்த ஏற்பாடு கட்டுப்படியாகும். சின்னக் குழிக்குக் கட்டுப்படியாகாது. 5.1 என்பதால் அலட்சியமும் கூடாது, ஏஞ்செல்லாலா வெடித்ததும் 5.1தான்.

இப்போது என் முக்கிய வாதத்துக்கு வருகிறேன். மண்டாய்க்கல், உங்கள் திட்டம் போகும் பயணத்துக்குப் பொருந்துகிறது, திரும்பும் பயணத்துக்குப் பொருந்தவில்லை. 1.4எஸ் என்பது டெட்டனேட்டரின் குணம் இல்லை, பெட்டியோடு சேர்ந்த குணம். ஒன்று வெடித்தாலும் விளைவு பெட்டிக்குள் அடங்க வேண்டும். பெட்டியே தீயில் சிதைந்தாலும் பக்கத்தில் தீயணைப்பவரைப் பெரிதாகத் தடுக்கக் கூடாது. இதை ஒரு பொதி, பொதிகளின் அடுக்கு, வெளித்தீ என்று ஐநாவின் ஆறாம் வரிசைச் சோதனைகளில் பார்த்துத்தான் அந்த எழுத்தைக் கொடுக்கிறார்கள். உள்ளே எத்தனை, எப்படிச் சுருட்டியது, நடுவே என்ன அட்டை எல்லாம் அந்தச் சோதனையில் இருந்தபடியே இருக்க வேண்டும். சுரங்கத்துக்குள் பெட்டியைக் கிழித்து முப்பதை எடுத்துவிட்டு, மீதியைக் கையில் கிடைத்த பையில் போட்டால் அது 1.4எஸ் இல்லை. 1.1பி என்றே எண்ணிக் கையாள வேண்டும். அன்று மழை இடியில் வேலை நின்று எமல்ஷனும் மிஞ்சியிருந்தால், மாலையில் உங்கள் ஒரே லாரியில் ஏறுவது 1.1பியும் 1.1டியும்.

மண்டாய்க்கல்
இதை நான் ஒப்புக்கொள்கிறேன். காலைச் சுமைக்குச் சொன்னதை மாலைச் சுமைக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. இங்கே ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி கேட்கிறது, துளை நிரப்புவது பாதியில் நிற்பது அரிதில்லை. அப்படியென்றால் என் திட்டத்தைத் திருத்துகிறேன்: சீல் உடையாத பெட்டி மட்டும் சேர்ந்து போகலாம், உடைத்தது எதுவானாலும் தனி வண்டியில், தனி நேரத்தில் திரும்ப வேண்டும்.

துளைக்கோல்
சீல் உடையாத பெட்டிக்கும் தடுப்பறை வேண்டும் என்பேன், 1.4எஸ் ஆனாலும். மற்றபடி இது பேசத்தக்க திட்டம். பாதிப்பெட்டி உருவாகாமலே தடுக்க, துளை எண்ணிக்கைக்கு ஏற்ற சின்னப் பெட்டியாக வாங்குவதும் உதவும்.

சக்கரம்
இறக்கும் இடத்தையும் மறக்க வேண்டாம். 2024 மே 1 அன்று காரியாபட்டி பக்கம் ஆவியூர் கல்குவாரியில் மூன்று பேர் இறந்தது வெடிமருந்தைக் கிடங்கில் இறக்கும் நேரத்தில். சாலைப் பயணம் அப்போது முடிந்திருந்தது. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முதலில் எமல்ஷன் முழுவதையும் இறக்கி அதன் இடத்துக்குக் கொண்டுபோன பிறகே டெட்டனேட்டர் அறையைத் திறக்க வேண்டும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் தடுப்பறை இருந்தும் இல்லாததுதான். பெட்டியைத் தரையில் இழுக்கவோ இரும்புக் கொக்கி மாட்டவோ கூடாது. மின் டெட்டனேட்டர் என்றால் கம்பி முனைகள் முறுக்கி இணைத்தபடியே இருக்க வேண்டும், கைப்பேசியும் வாக்கிடாக்கியும் பக்கத்தில் வரக் கூடாது. டெட்டனேட்டரை எமல்ஷனில் செருகுவது துளை வாயில் மட்டும்.

பிடோக் மாணவன்
மாலையில் கணக்கு ஒன்று குறைந்தால்?

துளைக்கோல்
கொடுத்தது, வெடித்தது, திரும்பியது, வெடிக்காமல் துளையில் நின்றது. இந்த நாலும் எண்ணுக்கு எண் சேராவிட்டால் லாரி கிளம்பக் கூடாது. தேட வேண்டிய முதல் இடம் வெடித்த கற்குவியல். மண்வாரி இயந்திரத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள், போலீஸுக்கும் அன்றே தெரிவியுங்கள்.